கவுண்ட் நார்மல்தான், மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்?

பாலக்கோடு பக்கத்து விவசாயி ஒருவர். வெள்ளணுக்கள் லட்சத்தைத் தாண்டியிருந்தன; இமாட்டினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மாத்திரையில் எட்டாயிரத்துக்கு இறங்கின. "ரிப்போர்ட் நார்மல்னாங்க சார், அதான் விட்டுட்டேன்" என்கிறார், இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் மறுபடி வீங்கி வந்தபோது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இதே பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

மாத்திரை சாப்பிட்டதால்தான் கவுண்ட் இறங்கியது, ஐயா. நோய் போய்விட்டதால் அல்ல.

சி.எம்.எல். என்ற இந்த ரத்தப் புற்றுநோயில் 9ஆவது, 22ஆவது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் உருவாகும் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். (BCR-ABL) புரதம் 'பெருகு, பெருகு' என்று செல்லுக்கு ஓயாமல் உத்தரவு போடுகிறது. வேலை முடிந்ததும் நிற்க வேண்டிய உத்தரவு அது. போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பட்டன் சிக்கிக்கொண்ட மாதிரி. இமாட்டினிப் மோட்டாரை நிறுத்தி வைக்கிறது, பட்டனைச் சரிசெய்வதில்லை. எலும்பு மஜ்ஜையில் கோளாறான மூலச்செல்கள் மிச்சம் இருக்கும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் அவை தெரியாது. பி.சி.ஆர். (PCR) என்ற மரபணுப் பரிசோதனைதான் காட்டும், முதலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் செய்ய வேண்டும். லேப் வாசலிலேயே ரிப்போர்ட்டைப் படித்து முடிவெடுப்பவர்களைத்தான் சொல்கிறேன்.

நிறுத்தவே முடியாதா? சிலருக்கு முடியும். பல வருடம் பி.சி.ஆர். அளவு மிக மிகக் குறைவாகவே இருந்தால், டாக்டர் பார்வையில், மாதாமாதம் பரிசோதித்துக்கொண்டு நிறுத்திப் பார்க்கலாம். அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்புகிறது. நீங்களாக நிறுத்துவது வேறு கதை. நோய் முற்றினால் அப்புறம் இதே மாத்திரை கேட்காமல் போகலாம். 2001இல் இந்த மருந்து வருவதற்கு முன்பு இந்த நோயாளிகள் பட்ட பாடு பலருக்குத் தெரியாது.

சாப்பாட்டோடு, நிறையத் தண்ணீர் குடித்துப் போடுங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் வந்து சொல்லுங்கள், பாதி மாத்திரையாக்கிக்கொள்ளாதீர்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இதன் வேலையைக் கெடுக்கும். வேறு டாக்டரிடம் போனாலும் இமாட்டினிப் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள், திட்டமாட்டேன். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே பேசுங்கள். இது தொற்றாது, பிள்ளைகளுக்கும் போகாது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் வேண்டுமானால் நானே சொல்கிறேன்.

மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே கிளம்பி வாருங்கள். பஸ்ஸுக்குக் காசில்லை என்றால் போன் பண்ணுங்கள், வழி பார்க்கலாம்.