மூணாறு ஓட்டை

ஜூலையில் மூணாறு எஸ்டேட்டில் மழை பிடித்தால் லயத்தை (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையை) விட்டு வெளியே தலைகாட்ட முடியாது. கரண்டும் போய்விடும். அப்படி ஒரு மத்தியானம் அக்கா பிள்ளைகளோடு உட்கார்ந்து பழைய கல்யாணப் பத்திரிகைகளை 24 சதுர அட்டைகளாக வெட்டினேன். ஒவ்வொன்றின் வெள்ளைப் பக்கத்திலும் மூலைக்கு மூலை இரண்டு கோடு. விழுந்த நான்கு முக்கோணங்களில் பச்சை, கறுப்பு, நீலம். அதாவது தேயிலை, ரோடு, ஆறு.

ஏன் 24? பக்கம் நான்கு, பக்கத்துக்கு மூன்று நிறம் என்றால் 3×3×3×3, மொத்தம் 81 வகை வரவேண்டும். ஆனால் அட்டையைச் சுழற்றினால் ஒன்றே நான்காகத் தெரியும். ஒரே நிற அட்டை மூன்று. அவை எப்படிச் சுழற்றினாலும் ஒன்றுதான். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே நிறமாக இரண்டு நிறம் மாறி மாறி வருவதும் மூன்று. அவை இரண்டாகத் தெரியும். மீதி 18-உம் நான்கு நான்காக. தோற்றம் 3 + 6 + 72 = 81, வகை 3 + 3 + 18 = 24, கணக்கு சரி. இந்த 24-ஐ வைத்து 1921-இல் புதிர் எழுதியவர் பெர்சி மக்மஹோன். பீரங்கிப் படை அதிகாரியாக இந்தியாவில் இருந்துவிட்டு கணக்குப் பக்கம் போன மனிதர்.

ஆட்டம் எளிது. ஆளுக்கு மூன்று அட்டை, மீதி கவிழ்த்த கட்டு. முறை வந்தவர் ஏற்கெனவே கிடக்கும் அட்டையை ஒட்டி ஒன்றை வைக்க வேண்டும்; தொடும் பக்கங்கள் ஒரே நிறமாக இருக்க வேண்டும். வைத்ததும் கட்டிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் ஐந்துக்கு ஐந்து கட்டத்துக்குள் அடங்க வேண்டும். வைக்க இடமில்லாவிட்டால் ஓர் அட்டையை ஓரமாகப் போட வேண்டும். ஓரத்தில் மூன்று சேர்ந்தால் எல்லோருக்கும் தோல்வி. இங்கே ஒருவருக்கொருவர் போட்டியில்லை. எதிரி அந்தக் கட்டுதான்.

விஷயமே ஓட்டையில், அதாவது அட்டைகளை ஒட்டிய காலி இடத்தில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஆறு தொடும் இடத்தில் 24-இல் 18 அட்டை பொருந்தும். அடுத்தடுத்த இரண்டு பக்கம் தொட்டால், அவை வேறு வேறு நிறமாக இருந்தால் 9, ஒரே நிறமாக இருந்தால் 7. மூன்று பக்கமும் அடைபட்டால் வெறும் 3. நான்கும் அடைபட்டால் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று முன்பே இறங்கியிருந்தால் அது செத்த ஓட்டை. அதனால் நல்ல ஆட்டக்காரர் "என் அட்டை எங்கே பொருந்தும்" என்பதோடு "வைத்த பிறகு எத்தனை பக்கம் அடைபடும்" என்பதையும் பார்ப்பார்.

மூன்று பக்கமும் நீலமாக அடைபட்ட இடத்துக்குப் பெரியவன் 'மூணாறு' என்று பெயர் வைத்துவிட்டான். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டலை மூன்றும் கூடும் ஊர்க்காரன் வேறென்ன பெயர் வைப்பான்!

சேர்ந்து ஆடும் ஆட்டங்களுக்கு ஒரு வியாதி உண்டு. விவரம் தெரிந்த ஒருவர் நாட்டாமை ஆகிவிடுவார். மற்றவர்கள் அவர் சொன்னபடி வைக்கும் வெறும் கைகள். எங்கள் வீட்டில் அந்த நாட்டாமை நான்தான். "மாமா, நீங்களே எல்லாத்தையும் வச்சுக்குங்க" என்று சின்னவள் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மருந்து, தகவலைப் பூட்டுவதுதான். ஹனாபி என்ற சீட்டாட்டத்தில் பிறர் சீட்டு தெரியும், நம்முடையது தெரியாது. நாங்கள் வேறு வழி பிடித்தோம்: அட்டையைக் காட்டக் கூடாது, ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு சொல்தான் சொல்லலாம். அப்புறம் எனக்கு வேலை குறைந்தது. அவரவர் கையில் என்ன இருக்கும் என்று ஊகிக்க வேண்டியதாயிற்று.

அன்று ஆடிய நான்கையும் தோற்றோம். கடைசி ஆட்டத்தில் மூணாறு ஓட்டையை நானே மூன்று ஆறும் ஒரு ரோடும் உள்ள அட்டையை வைத்து அடைத்தேன். முழு நீல அட்டை சின்னவள் கையில் முதல் சுற்றிலிருந்தே இருந்ததாம். "ஆறு, ஆறுன்னு எத்தனை தடவை சொன்னேன்!"