குளிரில் இடம்பிடிக்கும் எலக்ட்ரான்கள்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆற்று மணலில் கோடு கோடாகப் படியும் கரும்பொடியைப் பலரும் பார்த்திருப்பார்கள். பழைய ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தத்தை அதன்மேல் இழுத்தால், முள்முள்ளாகச் சிலிர்த்து ஒட்டிக்கொள்வது மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. ஒட்டாமல் தங்கிவிடும் கருமணிகளில் இல்மனைட் போன்ற வேறு கனிமங்கள் இருக்கும்.

மேக்னடைட்டில் மூன்று இரும்பு அணுக்களுக்கு நான்கு ஆக்சிஜன். அந்த மூன்றில் ஒன்றை நான்கு ஆக்சிஜன்கள் சூழ்ந்திருக்கின்றன. மற்ற இரண்டையும் ஆறாறு ஆக்சிஜன்கள் சூழ்ந்திருக்கின்றன. இந்த இரண்டுக்கும் பொதுவாக ஓர் உபரி எலக்ட்ரான் உண்டு. சாதாரண வெப்பநிலையில் அது எந்த அணுவிலும் நிலைக்காமல் தாவிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் ஆக்சைடாக இருந்தும் மேக்னடைட் மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது.

குளிர்விக்கத் தொடங்கினால், சுமார் 125 கெல்வினில், அதாவது மைனஸ் 148 டிகிரி செல்சியஸில், கடத்துதிறன் திடீரென நூறு மடங்கு அளவுக்குச் சரிகிறது. கனசதுரப் படிகமும் சற்றே சாய்ந்து உருமாறுகிறது. நெதர்லாந்தில் பிலிப்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய எவர்ட் ஃபெர்வே 1939இல் இதற்குக் காரணம் சொன்னார்: எலக்ட்ரான்கள் தாவுவதை நிறுத்தி, ஓர் ஒழுங்கில் இடம்பிடித்துவிடுகின்றன. மின்னூட்ட ஒழுங்கமைவு என்பது இதுதான்.

எந்த ஒழுங்கு என்பதில்தான் சிக்கல். ஃபெர்வே வரைந்த எளிய அமைப்பு பிற்காலச் சோதனைகளோடு பொருந்தவில்லை. உபரி எலக்ட்ரானைப் பகிரும் இரும்பு அணுக்கள், முனைகளால் இணைந்த நான்முகிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு நான்முகியிலும் இரண்டு அணுக்கள் எலக்ட்ரானைப் பெற்றும் இரண்டு பெறாமலும் இருந்தால் ஆற்றல் குறையும். ஆனால் இந்த நிபந்தனைக்கு உட்பட்ட அடுக்குகள் எண்ணிலடங்காதவை என்று இயற்பியலாளர் ஃபிலிப் ஆண்டர்சன் 1956இல் காட்டினார். அவற்றில் இயற்கை தேர்ந்தது எது? படிகத்தைப் பார்த்துச் சொல்லலாமென்றால், குளிரும்போது அது பல திசைகளில் சாய்ந்த துண்டுகளின் ஒட்டுப்பரப்பாகிவிடுகிறது. படிகத்தில் பட்டுச் சிதறும் எக்ஸ் கதிர்கள் பதிக்கும் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்புகின்றன.

மார்க் சென், ஜான் ரைட், பால் ஆட்ஃபீல்ட் மூவரும், குளிர்ந்தாலும் ஏறக்குறைய ஒரே துண்டாக இருக்கும், 40 மைக்ரோமீட்டர் அளவேயான குறுமணியை எடுத்துக்கொண்டார்கள். பிரான்ஸின் கிரெனோபிள் நகரில், சிங்க்ரோட்ரான் என்னும் முடுக்கி தரும் செறிவான எக்ஸ் கதிரில், 90 கெல்வினில் அதை அளந்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். இத்தனை சிறிய மணியைத் தேடிப் பிடித்ததுதான் அவர்களுடைய பெரிய சாதனை என்பேன். எலக்ட்ரான்கள் ஒழுங்காக இடம்பிடிக்கின்றன என்ற ஃபெர்வேயின் அடிப்படைக் கருத்து அதன் அமைப்பில் ஏறக்குறைய சரியாகவே இருந்தது. ஆனால் எலக்ட்ரான் ஓர் அணுவில் முழுதாக அடங்கவில்லை. நேர்கோட்டில் நிற்கும் மூன்று இரும்பு அணுக்களில் நடு அணுவில் பெரும்பகுதி தங்குகிறது, மிச்சம் இரு பக்கத்து அணுக்களுக்கும் பரவுகிறது. அந்த இரண்டும் நடு அணுவை நோக்கிச் சற்று நெருங்குகின்றன. இந்த மூவணுக் கூட்டுக்கு ட்ரைமெரான் என்று பெயரிட்டார்கள்.

மேக்னடைட்டில் டைட்டானியம் கலந்திருந்தால் இந்த மாற்றம் மழுங்கி, இன்னும் குளிர்ந்த நிலைக்குத் தள்ளிப்போகும். பாறைத் துண்டில் தூய மேக்னடைட் இருக்கிறதா என்று புவியியலாளர்கள் 125 கெல்வின் அருகே சோதித்துப் பார்ப்பது இதனால்தான்.