கை ஏன் போனைத் தேடுகிறது? கல்லூரி மாணவர்களும் சமூக வலைதளப் பழக்கமும்

சமூக வலைதளத்தில் மூழ்கிப்போன மாணவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கிறாய்?" என்றுதான். அதைவிட உதவும் கேள்வி, "போனை எடுப்பதற்குச் சற்று முன்பு மனதில் என்ன ஓடியது?" புரியாத பாடம், தொடங்காத அசைன்மென்ட், விடுதியில் தனிமை, பதில் வராத மெசேஜ் என்று பெரும்பாலும் ஏதோ ஒரு சங்கடம் இருக்கும். போனைத் திறந்ததும் அது தணிகிறது. தணிந்ததாலேயே அடுத்த முறையும் கை அங்கே போகிறது. இதற்கு எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர். தேர்வு நெருங்க நெருங்க ரீல்ஸ் பார்ப்பது கூடுவதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறோம். பல நேரம் அது பயம்.

செயலிகளின் வடிவமைப்பும் சேர்ந்துகொள்கிறது. பரிசு எப்போது வரும் என்று தெரியாதபோது பழக்கம் எளிதில் அழியாது என்பதை உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுகள் காட்டின. பத்து ரீல்ஸ் சலிப்பூட்டி, பதினொன்றாவது சிரிக்க வைத்தால் விரல் நிற்காது. லைக்குகளும் அப்படித்தான்.

உந்துதலை அடக்கும் முன்நெற்றி மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. தன்னை அளக்கத் தெளிவான அளவுகோல் இல்லாதபோது மனிதர்கள் பிறரோடு ஒப்பிடுகிறார்கள் என்று 1954-இல் உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் எழுதினார். கல்லூரி வயதுக்காரர் ஒப்பிடுவதோ, மற்றவர்கள் தேர்ந்தெடுத்துப் போட்ட படங்களோடு.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 பட்டியலில் கேமிங் கோளாறு உண்டு. சமூக வலைதள அடிமைத்தனம் தனி நோயாக இல்லை. அதனால் நேரத்தை மட்டும் பார்த்து 'அடிமை' என்று முத்திரை குத்தாதீர்கள். எப்போதும் அதே நினைப்பு, மனதை ஆற்ற அதையே நாடுவது, நேரம் கூடிக்கொண்டே போவது, கிடைக்காவிட்டால் எரிச்சல், படிப்பிலும் உறவிலும் பாதிப்பு, விட்டும் திரும்ப விழுவது: இவை சேர்ந்து மாதக்கணக்கில் நீடித்தால் கவனிக்க வேண்டும்.

முதல் ஒரு வாரம் எதையும் குறைக்க வேண்டாம். போனை எடுத்த நேரம், அதற்கு முன்பிருந்த உணர்வு, வைத்த பிறகு இருந்த உணர்வு, மூன்றையும் தாளில் குறியுங்கள். எந்த உணர்வு திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் வேலை செய்ய வேண்டிய இடம். பயம் என்றால் பாடத்தைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக்குங்கள். தனிமை என்றால் ஒருவரை நேரில் சந்தியுங்கள். பிறகு அழைப்பு தவிர மற்ற நோட்டிஃபிகேஷன்களை நிறுத்துங்கள், ஒவ்வொரு முறையும் லாக் அவுட் செய்யுங்கள், இரவில் போனைப் படுக்கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வேண்டும். இல்லையேல் இந்த ஏற்பாடு சீக்கிரமே குலைந்துவிடும்.

ஆரம்ப நாட்களில் ஏக்கம் குறையாமல் கூடும். முறை தோற்றுவிட்டது என்று நினைத்துப் பலர் கைவிடுவது இங்கேதான். அப்போது, "இன்று மட்டும்" என்று இடம் கொடுத்தால், எப்போதாவது கிடைக்கும் அந்தப் பரிசு பழக்கத்தை இன்னும் இறுக்கிவிடும். பத்து நிமிடம் தள்ளிப்போட்டுப் பாருங்கள். ஏக்கம் உயர்ந்து தானாக இறங்கும்.

பெற்றோர் போனைப் பிடுங்கினால் சங்கடம் அப்படியே இருக்கும், ஆற்றும் வழி மட்டும் போய்விடும். பொய்யும் சண்டையும் தொடங்கும். தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, கூட்டத்தைக் கண்டு அஞ்சுவது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல நிபுணரிடம் காட்டுங்கள். மனச்சோர்வோ பதற்றமோ அடியில் இருந்தால் அதற்குச் சிகிச்சை தராமல் போன் பழக்கத்தை மட்டும் மாற்ற முயல்வது பலிக்காது. தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.