மிளகாய்த் தொட்டிக்குள் ஒரு மின்கம்பி

பினாங்கின் செபராங் பிறைப் பக்கம் பாலித்தீன் பைகளில் வரிசையாக நிற்கும் மிளகாய்ச் செடிகளுக்கு மண் கிடையாது. பைக்குள் இருப்பது தேங்காய் நார்த்தூள். மண்ணில் குடியிருந்து செடியை வாட்டிவிடும் பாக்டீரியாவிடமிருந்து தப்பிக்கத்தான் இந்த ஏற்பாடு. நார்த்தூளில் சத்து சொற்பம் என்பதால், உரத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழாய்வழி சொட்டவிடுகிறார்கள். மலாயில் இதற்குப் 'பெர்டிகாசி' என்று பெயர்.

உரம் ஏ, பி என்று இரண்டு தொட்டிகளில் இருக்கும். ஒன்றில் கால்சியம் நைட்ரேட். மற்றதில் பாஸ்பேட்டும் சல்பேட்டும். அடர்கரைசலாகவே இவற்றைக் கலந்தால் வெள்ளையாகப் படிந்து சொட்டுவாய்களை அடைத்துவிடும். நிறையத் தண்ணீரில் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் தொல்லையில்லை.

எவ்வளவு சேர்ப்பது? தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். உரம் கரைந்ததும் அயனிகள் பெருகி, கடத்தும் திறன் கூடும். தொட்டியில் அமிழ்ந்திருக்கும் உணர்கருவி அதை அளக்கிறது. எண் குறைந்தால் பம்பு உரத்தைச் செலுத்துகிறது, வேண்டிய அளவை எட்டியதும் நிற்கிறது. ஆனால் எந்தச் சத்து எவ்வளவு என்று இக்கருவி பிரித்துச் சொல்லாது. கிணற்று நீரில் சாதாரண உப்பு இருந்தாலும் அதையும் உரக் கணக்கில் சேர்த்துவிடும்.

இன்னொரு வில்லங்கம் வெயில். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் கடத்தும் திறன் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். அதனால் நல்ல கருவிகள் 25 டிகிரிக்குத் திருத்தியே எண்ணைக் காட்டுகின்றன. திருத்தம் இல்லாத கருவி, 35 டிகிரித் தொட்டியில் சுமார் 20 சதவீதம் மிகையாகக் காட்டும். அதை நம்பித் தானியங்கி உரத்தைக் குறைக்கும். செடி பட்டினி கிடக்கும்.

2021 முதல் 2030 வரைக்கான மலேசியாவின் தேசிய வேளாண் உணவுக் கொள்கை 2.0 இயந்திரமயத்தை ஊக்குவிக்கிறது. 2023 வரவு செலவுத் திட்டம், தானியக்க முதலீட்டுக்கான வரிச்சலுகையை 10 மில்லியன் ரிங்கிட் செலவு வரை வேளாண்மைக்கும் விரித்தது. நல்லதுதான். ஆனால் வரிச்சலுகை, வரி கட்டும் அளவுக்கு லாபம் பார்ப்பவருக்குத்தானே உதவும்? இரண்டு ஏக்கர்காரருக்கு அக்ரோபேங்க் போன்ற அரசு வங்கியின் கடனே கைக்கு எட்டக்கூடியது. கடன் வாங்குபவர் டிரோன் விலையை விசாரிக்கும் முன், தன் தொட்டியில் இருக்கும் மீட்டருக்கு வெப்பத்திருத்தம் உண்டா என்று பார்த்துக்கொள்ளலாம்.