உள் ஸ்கேன் என்றதும் வரும் பயம்

ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு 2 மணி நேரமாக அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்தப் பெண். எங்கள் சிஸ்டர் போய், "பாத்ரூம் போயிட்டு வந்துடுங்கம்மா, உங்களுக்கு உள் ஸ்கேன்" என்றார். முதல் பாதியைக் கேட்டதும் முகத்தில் வந்த நிம்மதி, இரண்டாம் பாதியில் காணாமல் போனது. பாத்ரூம் போனவர் 20 நிமிடம் வெளியே வரவில்லை.

ஸ்கேன் பார்க்கும் டாக்டராக இந்த முகத்தை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். சீட்டில் டி.வி.எஸ். (டிரான்ஸ்வஜைனல் ஸ்கேன், அதாவது பிறப்புறுப்பு வழியாகக் கருவியை வைத்துப் பார்க்கும் உள் ஸ்கேன்) என்று மூன்று எழுத்து மட்டும் இருக்கும். வண்டிக் கம்பெனி பேர் மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அது என்ன ஸ்கேன் என்று படுக்கையில் ஏறிய பிறகுதான் தெரிய வரும். பயத்தில் பாதி அங்கேதான் உண்டாகிறது.

வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும்போது தோல், கொழுப்பு, குடலில் இருக்கும் காற்று எல்லாவற்றையும் தாண்டித்தான் கர்ப்பப்பை தெரிய வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது குடலைத் தள்ளிவிட்டு வழி விடும். தண்ணீர் குடிக்கச் சொல்வது அதற்காகத்தான். பிறப்புறுப்பு வழியாகப் பார்த்தால் கர்ப்பப்பையும் சினைப்பைகளும் பக்கத்திலேயே இருக்கும், படமும் தெளிவாக இருக்கும். 6 வார வாக்கில் கருவின் துடிப்பைப் பார்க்கவும், கரு கர்ப்பப்பைக்கு வராமல் சினைக்குழாயில் தங்கியிருக்கிறதா என்று தேடவும், மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் பட்டால் கர்ப்பப்பையின் உள்சவ்வை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கவும் இதுதான் வசதி.

கருவியின் நீளத்தைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். அதில் பெரும்பகுதி நான் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி. உள்ளே போவது சில சென்டிமீட்டர். பருமன் கட்டைவிரலைவிடச் சற்றுக் கூடுதல். ஒவ்வொருவருக்கும் புது ஆணுறை மாட்டி, ஜெல் தடவித்தான் வைப்போம். அது கர்ப்பப்பை வாய்க்குள் நுழைவதில்லை. அதனால் கரு கலைந்துவிடுமோ என்று வெளியே தவிக்கும் மாமியார்கள் நிம்மதியாக இருக்கலாம்.

வலிக்கவே வலிக்காது என்று நான் சொல்வதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஓர் அழுத்தம் தெரியும், அவ்வளவுதான். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) இருப்பவர்களுக்கும், மாதவிலக்கு நின்று வறட்சி இருப்பவர்களுக்கும், தாம்பத்தியத்திலேயே வலி உள்ளவர்களுக்கும் வலிக்கலாம். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் காலத்தில், வரிசை நீண்டு கிடக்கும் நாட்களில், "காலை மடக்குங்க, லூஸா விடுங்க" என்பதோடு என் பேச்சு முடிந்துவிடும். லூஸா விடுங்க என்று சொல்லி யாரும் லூஸாக விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒருநாள் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயாம்மாதான் பார்த்துவிட்டு, முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தார். அன்றிலிருந்து கருவியைக் கையில் எடுக்கும் முன்பே ஒன்று சொல்லிவிடுவேன்: "நீங்க நிறுத்துங்கன்னா நிறுத்திடுவேன். பேச வரலைன்னா கையைத் தூக்குங்க."

இன்னும் சில விஷயங்கள் உதவும். கருவியை நீங்களே உள்ளே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கலாம். பயம் அதிகம் உள்ளவர்களுக்கு இது நல்ல பலன் தருகிறது. வைக்கும் நேரத்தில் அடுப்பு ஊதுவதுபோல வாயால் மெதுவாக மூச்சை விடுங்கள். ஜீன்ஸைவிடச் சேலை, பாவாடை சௌகரியம். டாக்டர் ஆணாக இருந்தால் பெண் ஊழியர் ஒருவர் கூட இருக்க வேண்டும். இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள். "ஷேவ் பண்ணலையே டாக்டர்" என்று மன்னிப்புக் கேட்கிறார்கள், பாவமாக இருக்கும். அதெல்லாம் தேவையே இல்லை. மாதவிலக்கான இரண்டாம் நாளில் குழந்தைப்பேறு சிகிச்சைக்காக வரச் சொல்வதும் வழக்கம்தான். இரத்தம் எங்களுக்குப் புதிதா என்ன?

கல்யாணம் ஆகாத பெண்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கும். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன். உடலுறவு அனுபவம் இல்லையென்றால் வயிற்றின் மேல்தான் பார்ப்போம். கல்யாணமே ஆகியிருந்தாலும், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. படம் கொஞ்சம் மங்கலாக இருக்கலாம், சிலவற்றைப் பார்க்க முடியாமலும் போகலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

சரி, அந்த ஒன்றரை லிட்டர் பெண்ணுக்கு வருகிறேன். ஒருவழியாக வந்தார். கருவியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். நடுவில் ஒருமுறை கையைத் தூக்கினார், நிறுத்தினோம். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ம்... பாருங்க" என்றார். எல்லாம் சேர்த்து 10 நிமிடம் ஆகியிருக்கும். இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்:

"சீட்டு எழுதும்போதே இதைச் சொல்லியிருந்தா, நான் அவ்வளவு தண்ணி குடிச்சிருக்கவே மாட்டேனே டாக்டர்?"