ஸ்கேன் செய்தால் மட்டும் நூல் உலகை எட்டிவிடாது

அண்மையில் இன்னொரு சிறப்பு நூலகமும் (ஒரு குறிப்பிட்ட துறைக்கான நூலகம்) ஒரு ஹார்டு டிஸ்கைக் கொடுத்து, “எல்லாவற்றையும் டிஜிட்டல் ஆக்கிவிட்டோம், இனி உலகமே படிக்கலாம்” என்றது. திறந்தால் ‘ஸ்கேன்0001’ தொடங்கி வரிசையாகப் பிடிஎஃப் கோப்புகள். எதிலும் ஆசிரியர் பெயரோ ஆண்டோ இல்லை. உள்ளே ஒரு சொல்லைக்கூடத் தேட முடியவில்லை. இத்தகைய ஹார்டு டிஸ்குகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

நூலைப் படம் பிடிப்பது வேறு, தேடுபவர் கையில் அதைச் சேர்ப்பது வேறு. தொலைதூரத்தில் ஒரு பயிர்நோயை ஆராய்பவருக்கு உங்கள் நூலகம் இருப்பதே தெரியாது. தமக்கு வேண்டிய அறிக்கை இன்ன இடத்தில் இருக்கிறது என்பதை அவருக்குச் சொல்வது, தலைப்பு, ஆசிரியர் போன்ற நூல் விவரங்களைத் தரும் பட்டியல் பதிவு மட்டுமே. ஒரு பக்கத்தைக்கூட ஸ்கேன் செய்யாத நூலகம் தன் பதிவுகளை வெளியிட்டிருந்தால், அவர் எழுதிக் கேட்டு ஓர் அத்தியாயத்தின் நகலைப் பெறலாம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பெட்டிக்குள் வைத்திருக்கும் நூலகத்திடம் அவர் எதைக் கேட்பார்? பெரிய நூலகங்களில் எல்லாம் கிடைக்கும் என்று சமாதானம் சொல்லாதீர்கள். கருத்தரங்கில் சுற்றுக்கு விட்ட தட்டச்சுக் கட்டுரையும், கலைந்துபோன சங்கத்தின் செய்திமடலும் பெரும்பாலும் உங்கள் அலமாரியில் மட்டுமே இருக்கும்.

பணமில்லை என்ற சாக்கும் செல்லாது. 2000-இல் நியூசிலாந்தின் சிறிய நூலக அமைப்பு ஒன்றில் நடைமுறைக்கு வந்த, நூலகப் பட்டியலை நிர்வகிக்கும் கோஹாவும், 2002-இல் வெளியான, டிஜிட்டல் கோப்புகளைச் சேமித்து வெளியிடும் டிஸ்பேஸும் கட்டணமின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள்கள். நூல் விவரங்களைப் பதிவதற்கான டப்ளின் கோர் திட்டத்தின் 15 கூறுகளில் எதுவும் கட்டாயமில்லை; தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பொருள், மொழி ஆகியவற்றைச் சரியாக நிரப்பினாலே பெரும்பாதி வேலை முடிந்தது. பதிவுகளைப் பகிர்வதற்கான ஓஏஐ-பிஎம்ஹெச் நெறிமுறை வழியாகத் திரட்டிகள் (பல நூலகங்களின் பதிவுகளை ஓரிடத்தில் தேடத் தரும் தளங்கள்) அப்பதிவுகளைத் தாமே எடுத்துச் செல்லும். (கோஹாவில் அந்த வசதியை நாம்தான் இயக்க வேண்டும், இயக்காமலேயே “யாரும் வருவதில்லை” என்று வருந்துவோர் பலர்.)

பதிப்புரிமை உள்ள நூலின் முழுப் பிரதியை அனுமதியின்றி வலையேற்றாதீர்கள். அதன் பட்டியல் பதிவை வெளியிட எவர் அனுமதியும் தேவையில்லை. ஸ்கேன் செய்தவற்றுக்கு, படத்திலுள்ள எழுத்துகளை உரையாக மாற்றும் எழுத்துணரியை ஓட்டிப் பிழை திருத்துங்கள், ஏனெனில் வெறும் படமாக இருக்கும் பக்கத்தைத் திரைவாசிப்பானால் பார்வையற்றவருக்குப் படித்துக்காட்ட இயலாது. அவர்களுக்கான அணுகத்தக்க பிரதிகள் நாடு விட்டு நாடு செல்ல, 2016-இல் நடைமுறைக்கு வந்த மராக்கேஷ் உடன்படிக்கை உறுப்பு நாடுகளில் வழிசெய்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் அது எப்படி இடம்பெற்றுள்ளது என்று பாருங்கள்.

தயவுசெய்து, வேறெங்கும் கிடைக்காதவற்றிலிருந்து தொடங்குங்கள். நகல் கேட்டு வரும் மின்னஞ்சலுக்குப் பதிலளிக்க ஒருவரைப் பொறுப்பாக்கி, அந்த முகவரியை நூலகத்தின் பக்கத்தில் எழுதி வையுங்கள்.