வேகம் தெரியும், காரணம் தெரியாது

அடுத்த இடப்பக்கம் திரும்பினால் 6 நிமிடம் மிச்சம் என்றது செல்போன். முன்னால் பிரதான சாலை முழுக்க பிரேக் விளக்குகள். திரும்பிவிட்டேன். இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நின்றாக வேண்டிய தெரு அது. நூறு மீட்டர் போனதும் வரிசை நின்றது. முன்னால் இருந்த காரின் பின்கண்ணாடி வழியே பார்த்தால், டேஷ்போர்டில் அதே வரைபடம், அதே நீலக் கோடு. தெருவின் மறுமுனையில் ஒரு லாரி சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. 6 நிமிடம் மிச்சமாகவில்லை, கூடுதலாக 25 நிமிடம் போனதுதான் மிச்சம்.

அன்று அந்த வழிகாட்டிச் செயலியைத் திட்டித் தீர்த்தேன். அப்புறம் இவையெல்லாம் எப்படி வேலை செய்கின்றன என்று படிக்கப் படிக்க, திட்டியதில் பாதி நியாயமில்லை என்று புரிந்தது. மீதிப் பாதி நியாயம்தான். அந்த லாரி அங்கே நிற்பது செயலிக்குத் தெரியவே தெரியாது. எங்களைப் போல நாலு பேர் போய் மாட்டிக்கொண்ட பிறகுதான் தெருவில் ஏதோ கோளாறு என்றே அதற்குத் தெரியவரும். அப்போதும் ‘ஏதோ கோளாறு’ என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

இந்த மாதிரிச் செயலிகளின் முக்கிய மூலப்பொருள் நகர்ந்துகொண்டிருக்கும் செல்போன்கள். வழி கேட்டு நாம் செயலியைத் திறந்து வைத்திருக்கும்போது, நமக்கு வழி சொல்லிக்கொண்டே நம் இடத்தையும் வேகத்தையும் சில நொடிகளுக்கு ஒருமுறை அது மேலே, நிறுவனத்தின் கணினிகளுக்கு, அனுப்புகிறது. அதாவது வழி கேட்பவரும் நாம்தான், வழி சொல்பவரும் நாம்தான். முன்பு இந்த வேலைக்குச் சாலையின் தாருக்கு அடியில் கம்பிச் சுருள் பதிப்பார்கள். வண்டி மேலே போனால் அதில் மின்காந்த மாற்றம் ஏற்படும், அதை வைத்து எண்ணுவார்கள். வானொலிக்காரர்கள் ஹெலிகாப்டரில் சுற்றி நெரிசலைப் பார்த்துச் சொன்ன காலமும் உண்டு. இரண்டுமே பெரிய சாலைகளுக்குத்தான் கட்டுப்படியாகும். கூகுள் மேப்ஸ் 2009இல் செல்போன்களின் வேகத்தைக் கணக்கில் எடுக்கத் தொடங்கியபோது, கம்பியே காணாத சின்னச் சாலைகளுக்கும் வரைபடத்தில் நெரிசலைக் காட்டும் நிறம் வந்தது. இஸ்ரேலில் 2006இல் எஹுத் ஷப்தாய் தொடங்கிய ஒரு தன்னார்வ வரைபட முயற்சிதான் பின்னால் வேஸ் என்ற செயலி ஆனது. அதில் ஓட்டுநர்களே ‘இங்கே விபத்து’, ‘இங்கே பள்ளம்’ என்று தட்டிச் சொல்லலாம். 2013இல் கூகுள் அதை ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு வாங்கியது.

வேகத்தை வாங்கி வண்ணம் பூசுவது சுலபம் என்று தோன்றும். அதற்கு முன் ஒரு சிக்கலான வேலை இருக்கிறது. திறந்த வானத்தின் கீழேயே செல்போனின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டர் தள்ளிக் காட்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சிக்னல் சுவர்களில் பட்டுத் தெறித்து வருவதால் இன்னும் மோசம். வந்து சேரும் புள்ளிகளை அப்படியே வரைபடத்தில் வைத்தால் ஒரு கார் மொட்டை மாடியில் ஓடும், இன்னொன்று குளத்தில் இறங்கும். அதனால் ஒவ்வொரு புள்ளியையும் தனியாகப் பார்க்காமல் புள்ளிகளின் தொடரைப் பார்க்கிறார்கள். மூன்று நொடிக்கு முன் இந்தச் சாலையில் இருந்த வண்டி, சுவரைத் துளைக்காமல் அடுத்த சாலைக்குப் போயிருக்க முடியுமா? முடியாது என்றால் இதே சாலையில்தான் இருக்கிறது. இப்படி நிகழ்தகவை வைத்துச் சாலையோடு ஒட்டவைக்கும் முறை ஒன்றை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் நியூசனும் க்ரம்மும் 2009இல் வெளியிட்டார்கள். இன்றைக்கும் பலர் அதன் வழிவந்த உத்திகளையே கையாள்கிறார்கள்.

இதிலும் சறுக்குகிற இடம் மேம்பாலம். மேலே ஒரு சாலை, நேர் கீழே ஒரு சாலை. ஜிபிஎஸ்ஸில் உயரத்தின் பிழை பக்கவாட்டுப் பிழையை விடப் பெரியது. பாலத்தின் மேல் பறக்கிற வண்டியின் வேகத்தைக் கீழே முடங்கிக் கிடக்கும் சாலையின் கணக்கில் சேர்த்துவிட்டால், கீழ்ச்சாலை காலியாக இருப்பதாகத் தெரியும். மேம்பாலத்தின் மீது போய்க்கொண்டிருக்கும்போது ‘இடது பக்கம் திரும்பவும்’ என்று அசராமல் சொல்லும் குரலுக்கும் இதுவே காரணம். பல பேருக்கு இந்த அனுபவம் இருக்கும்.

சரி, புள்ளி சாலையில் உட்கார்ந்துவிட்டது. அடுத்து, ஒரே சாலைத் துண்டில் போகும் பல போன்களின் வேகத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓரமாக நிறுத்திவிட்டு போன் பேசுகிறவர் நெரிசல் இல்லை. இடுக்குகளில் புகுந்து போகும் பைக்கின் வேகம் காரின் வேகம் இல்லை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகும் பேருந்தில் 40 போன்கள் இருக்கலாம், ஆனால் அது ஒரே வண்டி. இவற்றையெல்லாம் சலித்து எடுக்கிறார்கள். சலிப்பது எவ்வளவு கடினம் என்பதை 2020இல் சைமன் வெக்கெர்ட் என்ற கலைஞர் பெர்லினில் காட்டினார். 99 பழைய செல்போன்களை ஒரு சிவப்புத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு காலியான தெருவில் மெதுவாக இழுத்துப்போனார். வரைபடத்தில் தெரு சிவந்தது. கார்களையும் பைக்குகளையும் பிரித்தறிகிறோம், தள்ளுவண்டியைத்தான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்ற பொருளில் கூகுள் வேடிக்கையாகப் பதில் சொன்னது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 2014இல், இஸ்ரேலின் டெக்னியான் பல்கலைக்கழக மாணவர்கள் இழுத்துப்போக வண்டிகூட இல்லாமல், நிரல் எழுதிப் பொய்ப் பயனர் கணக்குகளை உருவாக்கி வேஸில் இல்லாத நெரிசலைக் காட்டியிருந்தார்கள்.

நிறம் தெரிந்த பிறகு வழி. இரண்டு இடங்களுக்கு இடையே குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் அடிப்படை உத்தி 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கஃபேயில், பேப்பர் பென்சில் இல்லாமல், கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவின் மனத்தில் 20 நிமிடத்தில் உதித்தது. வெளியானது 1959இல். இன்றைய வழிதேடும் உத்திகள் பலவற்றின் வேர் அதுதான். ஆனால் நீளத்துக்குப் பதில் நேரத்தை வைத்தால் ஒரு சிக்கல். 50 நிமிடம் கழித்து நான் போய்ச் சேரப்போகும் பாலத்தின் இப்போதைய வேகத்தால் எனக்கு என்ன பயன்? அந்த நேரத்து வேகம்தான் வேண்டும். அதனால் வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரமும் அந்தச் சாலை வழக்கமாக எப்படி இருக்கும் என்ற பழைய பதிவையும், இப்போதைய நிலவரத்தையும் கலந்து முன்கணிக்கிறார்கள். அடுத்தடுத்த சாலைத் துண்டுகளைக் கோத்து, ஒன்றின் நெரிசல் பக்கத்துக்கு எப்படிப் பரவும் என்று கற்றுக்கொள்ளும் நரம்பு வலையமைப்பு (தரவிலிருந்து தானே பழகும் கணினி நிரல்) ஒன்றை டீப்மைண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் கூகுள் மேப்ஸுக்குக் கொடுத்தது. 2020இல் இதைப் பற்றி எழுதியபோது, 97 சதவீதத்துக்கும் மேற்பட்ட பயணங்களில் வந்துசேரும் நேரம் ஏற்கெனவே துல்லியமாகவே இருந்தது என்றார்கள்.

இந்த இடத்தில் நன்றி சொல்லாமல் போனால் தப்பு. தெரியாத ஊரில் இரவு 11 மணிக்கு வழி கேட்க ஆள் தேடிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் விபத்து நடந்திருப்பதை 2 கிலோமீட்டர் முன்பே தெரிந்துகொண்டு வேகத்தைக் குறைப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். எத்தனை மணிக்கு வந்து சேர்வேன் என்று வீட்டில் காத்திருப்பவரிடம் கிட்டத்தட்ட சரியாகச் சொல்ல முடிவதும் சின்ன வசதி இல்லை.

ஆனால் செயலியின் கண்ணுக்கு வேகம் மட்டுமே தெரிகிறது. ஒரு சாலை ஏன் காலியாக இருக்கிறது என்று அது கேட்பதில்லை. 2017 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் மலைப்பகுதியில் காட்டுத்தீ பரவியபோது, மக்கள் வெளியேறிய குடியிருப்புச் சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தன. வெறிச்சோடிய சாலை என்றால் செயலிக்கு வேகமான சாலை. ஓட்டுநர்களை அது அந்தப் பக்கமே திருப்பத் தொடங்கியதால், வழிகாட்டிச் செயலிகளை நம்பாதீர்கள் என்று காவல்துறை கேட்டுக்கொண்டது. 2019 ஜூனில் டென்வர் விமான நிலையம் போகும் சாலையில் விபத்து. மாற்றுவழி என்று செயலி காட்டியது ஒரு மண்சாலை. மழையில் அது சேறாகியிருந்தது. ஏறத்தாழ 100 கார்கள் புதைந்து நின்றன. வண்டியே போகாத சாலையில் வேகத் தகவல் இருக்காது. இருக்கிற கொஞ்சநஞ்சமும் மழைக்கு முந்தைய நாட்களுடையதாக இருக்கலாம். முதல் சில வண்டிகள் சேற்றில் நின்ற பிறகுதான் அந்த விஷயம் மேலே போகும். அதற்குள் பின்னால் வரிசை சேர்ந்துவிடும்.

இதையாவது கோளாறு என்று சொல்லித் திருத்தப் பார்க்கலாம். அடுத்துச் சொல்வது செயலி மிகச் சரியாக வேலை செய்வதாலேயே வருகிற தொல்லை. எனக்கு இதுதான் சுவாரசியமானது.

200 வண்டிகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குக் கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். அகலமான பிரதான சாலையில் எத்தனை பேர் போனாலும் 20 நிமிடம். பக்கத்தில் ஒரு குறுக்குத் தெரு. அதில் 10 வண்டிக்கு ஒரு நிமிடம் என்று நேரம் கூடும். பாதிப் பேர் தெருவில் போனால் அவர்களுக்கு 10 நிமிடம், மற்றவர்களுக்கு 20, சராசரி 15. அருமையான ஏற்பாடு. ஆனால் பிரதான சாலையில் நிற்பவருக்குச் செயலி உண்மையைச் சொல்லும்: தெருவில் போனால் 10 நிமிடம் மிச்சம். அவர் திரும்புவார். அடுத்தவரும் திரும்புவார். தெருவிலும் 20 நிமிடம் ஆகும்வரை, அதாவது 200 பேரும் தெருவுக்குள் வந்து சேரும்வரை, இது நிற்காது. முடிவில் எல்லாருக்கும் 20 நிமிடம். தெரு இருந்தும் ஒருவருக்கும் லாபம் இல்லை, தெருவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் நஷ்டம்.

போக்குவரத்து ஆய்வாளர் ஜான் வார்ட்ராப் 1952இலேயே இந்த இரண்டு நிலைகளையும் பிரித்துச் சொன்னார். ஒவ்வொருவரும் தனக்கு நல்லதைத் தேடிப் போய் நிற்கும் நிலை ஒன்று. மொத்தப் பயண நேரம் மிகக் குறைவாக இருக்கும் நிலை இன்னொன்று. வண்டிகள் கூடக்கூட நேரம் சீராகக் கூடும் சாலைகளில், முதல் நிலை இரண்டாவதைவிட அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்குதான் மோசமாக இருக்க முடியும் என்று கணினி அறிவியலாளர்கள் ரஃப்கார்டனும் டார்டோஷும் பின்னால் நிறுவினார்கள். நம் கணக்கில் 15 நிமிடம் 20 ஆனது சரியாக அந்த உச்சவரம்பு. ஓட்டுநர்களுக்குச் சுயநலத்தைக் கற்றுக்கொடுத்தது செயலி இல்லை. முன்பு குறுக்குத் தெரு அந்தப் பகுதிக்காரர்களுக்கு மட்டும் தெரியும், மற்றவர்களின் அறியாமையே தெருவுக்கு வேலியாக இருந்தது. அந்த வேலியைச் செயலி பிரித்துப் போட்டுவிட்டது.

நியூ ஜெர்சியில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குப் பக்கத்தில் லியோனியா என்ற சின்ன ஊர். பாலத்துக்குப் போகும் நெரிசலைத் தவிர்க்கச் செயலிகள் வண்டிகளை அந்த ஊர்த் தெருக்களுக்குள் அனுப்பின. வீட்டு வாசலிலிருந்து காரை வெளியே எடுக்க முடியாமல் போன ஊர்க்காரர்கள் 2018 ஜனவரியில், காலை மாலை நெரிசல் நேரங்களில் 60 தெருக்களை வெளியூர் வண்டிகளுக்கு மூடிவிட்டார்கள். பிறகு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. இதை நிறுவனங்களே சரிசெய்ய முடியாதா? கணக்குப்படி முடியும், பாதிப் பேரைப் பிரதான சாலையிலேயே நிறுத்தினால் போதும். அந்தப் பாதியில் நீங்கள் இருந்தால், பக்கத்துத் தெருவை மறைத்த செயலியை மறுநாளும் வைத்திருப்பீர்களா?

மற்றக் குறைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கும். ‘விபத்து இன்னும் இருக்கிறதா?’ என்று செயலி கேட்கும் கேள்விக்கு விரல் நீட்ட 2 நொடி எடுத்தால் 44 மீட்டர் கண்மூடிப் போனதற்குச் சமம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தட்டட்டும். அந்தரங்கம் இன்னொன்று. பெயரை நீக்கிவிட்டோம் என்பது பெரிய பாதுகாப்பு இல்லை. 15 லட்சம் பேரின் செல்போன் நடமாட்டத்தை வைத்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், எந்த இடத்தில் எந்த நேரத்தில் என்ற 4 புள்ளிகள் தெரிந்தாலே 95 சதவீதம் பேரின் தடத்தைத் தனியாகப் பிரித்தெடுக்க முடிந்தது.

இப்போது கிளம்புவதற்கு முன் முழுப் பாதையையும் ஒருமுறை விரித்துப் பார்த்துவிடுகிறேன். போகிற வழியில் மாற்றுவழி வந்தால், மிச்சம் 5 நிமிடத்துக்குக் குறைவு என்றால் திரும்புவதில்லை. அந்தக் கணிப்பின் பிழையே அவ்வளவு இருக்கும் என்பது என் அனுமானம். போன வாரம் அதே பிரதான சாலை, அதே தெரு, 4 நிமிடம் மிச்சம் என்றது. நான் நேராகப் போனேன். எனக்கு முன்னால் இருந்தவர் இண்டிகேட்டர் போட்டு இடது பக்கம் திரும்பினார். யார் முதலில் போய்ச் சேர்ந்தோம் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. எங்கள் போன்கள் இரண்டும் மேலே சொல்லியிருக்கும்.